ஒரே வகுப்பு, இரண்டு கட்டணம்



அமெரிக்க வேலைக்குக் கிளம்பும் நம்மவர்கள் சம்பளம், வாடகை எல்லாம் விசாரிப்பார்கள். பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸை விசாரிப்பது குறைவு.

அங்கே அரசுக் கல்லூரிகளில் மாநிலவாசிக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு ஒரு கட்டணம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளியார் வருஷத்துக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். எச்-1பி விசாக்காரரின் பிள்ளை, எச்-4 விசாவில் இருக்கும்வரை, மாநிலவாசிக் கட்டணம் பெற வழி உண்டு. 21 வயது நிறைந்தால் எச்-4 கிடையாது. கிரீன் கார்டு க்யூவோ இந்தியர்களுக்கு ரொம்ப நீளம். படிப்பைத் தொடர எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால், வெளியார் கட்டணம்தான்!

2001-இல் அந்த மாநிலம் இயற்றிய ஏ.பி. 540 சட்டம், அங்கேயே மூன்று வருஷம் ஹைஸ்கூல் படித்துத் தேறியவருக்கு, விசா இல்லாவிட்டாலும் சலுகை தருகிறது. நல்ல சட்டம்தான். ஆனால் எஃப்-1 காரருக்கு அது பொருந்தாது. முறைப்படி வந்து, அங்கேயே வளர்ந்த பிள்ளை இடையில் மாட்டிக்கொள்கிறது.

தம்பிகளா, பிள்ளைக்கு 21 எப்போ ஆகும்னு முதல்லயே கணக்குப் போடுங்க. கிரீன் கார்டு மனுவைத் தள்ளிப்போடாமல் கம்பெனியில் கேளுங்க. அங்கிருக்கும் அண்ணன்மார்களே, புதிதாக வருபவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.