திரைக்குள் விழுந்த கறை

கணக்கெழுதுபவர் ஒருவர் காலையில் தமது மேசைக் கணினியை இயக்குகிறார். முதல்நாள் எழுதி நிறுத்திய 4200 என்னும் தொகையின் நடுவே புள்ளியொன்று தெரிகிறது. நாலாயிரத்து இருநூறு ரூபாய் ஓர் இரவுக்குள் நாற்பத்திரண்டு ரூபாயாகக் குறுகிவிட்டதோ என்று அவர் திடுக்கிடுகிறார். பக்கத்தை மேலே நகர்த்திப் பார்க்கிறார். எண்கள் நகர்கின்றன, புள்ளி நகரவில்லை. கைக்குட்டையால் துடைக்கிறார், போகவில்லை. பொறுமையிழந்து விரல் நகத்தால் அழுத்துகிறார். தானாகவே ஊர்ந்து வெளியேறியிருக்கக்கூடிய ஒரு சிற்றுயிர் அந்த அழுத்தத்தில் நசுங்கி, திரை உள்ளவரை மாறாத கறையாகிவிடுகிறது.

கறை எங்கே இருக்கிறது என்று அறியுமுன்னரே அதை நீக்கக் கைநீட்டுவதால் கெட்டுப்போன திரைகள் பல. வெளிப்பார்வைக்குத் திரை ஒரே பலகை போலத் தோன்றினும், அது பல படைகளை அடுக்கிச் செய்த பொருள். எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளை நிறமான தெறிதாள். அதன்முன் தெளிவான ஒரு பிளாத்திக்குப் பலகை. ஓரத்திலே வரிசையாக அமைந்த ஒளிகாலும் இருவாயிகளின் ஒளியை அப்பலகை திரையெங்கும் கொண்டு செல்லும். அதற்கு முன்னே ஒளியைச் சீராகப் பரப்பும் தாளும், நுண்ணிய அரியவரிகள் பொறித்த தாளும் உள்ளன. இவற்றைக் கடந்த பின்னரே திரவப் பளிங்கு வருகிறது. 1888 ஆம் ஆண்டில் ஒஸ்திரிய நாட்டுத் தாவரவியலறிஞர் றைனிற்சர், கரட்டுக் கிழங்கிலிருந்து பெற்ற ஒரு பொருளை ஆராய்ந்தபோது முதன்முதலாகக் கவனித்த நிலைதான் அது. இரண்டு கண்ணாடிகளுக்கிடையே சில மைக்குரோமீற்றர் தடிப்பில் அது அடைக்கப்பட்டு, விளிம்பெங்கும் இறுக மூடப்பட்டிருக்கிறது. சாதாரணத் திரையொன்றில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட படப்புள்ளிகளை ஆக்குவது இந்தப் படையே. சில திரைகளில் இதற்கும் முன்னால் காப்புக் கண்ணாடி ஒன்றும் உண்டு.

திரவப் பளிங்குக்குள் தூசியோ பூச்சியோ நுழைய வழியில்லை. அதன் பின்னாலுள்ள தாள்கள் அப்படியன்று. அவை சட்டத்துக்குள் தளர்வாக அடுக்கப்பட்டவை, ஓரங்களில் இடைவெளியுண்டு. உட்கறைகளுட் பெரும்பாலானவை அங்கேதான் குடியேறுகின்றன.

இடத்தை அறிவதற்கு ஒரு கருவியும் வேண்டுவதில்லை. முதலில், திரையில் தெரியும் காட்சியைக் கணினியைக் கொண்டே படமாகப் பிடித்து, அப்படத்தை வேறொரு திரையிலே பார்க்கலாம். அங்கும் கறை தெரிந்தால், அது பொருளாலானதன்று. கணினியின் செயல்நிரலிலே தேடவேண்டியது. தெரியாவிட்டால் கறை திரையிலேதான் இருக்கிறது. அடுத்து, திரையை அணைத்து டோர்ச் விளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்ச வேண்டும். அப்போது மினுங்கித் தெரிவது முன்புறத்துக் கறை. அணைந்திருக்கும்போது மறைந்து, வெண்மையான பக்கம் ஒளிரும்போது மட்டும் நிழலாகத் தெரிவது பின்புறத்துத் தாள்களில் உள்ளது. இன்னும் ஐயமிருப்பின், எழுத்தொன்றையும் கறையையும் சேர்த்துப் பார்த்தபடி தலையை மெல்ல வலப்புறம் நகர்த்தலாம். கறையும் எழுத்தைவிட்டு வலப்புறமாக விலகினால் அது எழுத்துக்குப் பின்னால் உள்ளது. இடப்புறமாக விலகினால் முன்னால் உள்ளது. மரங்களுக்கு அப்பாலுள்ள நிலவு வழிப்போக்கனோடு கூடவே வருவதும் இந்த நியதியால்தான்.

ஊர்ந்து திரியும் கறைக்கு இத்தனை சோதனையும் வேண்டாம். அது பெரும்பாலும் இலைப்பேன். வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோர் நன்கறிந்த அதே இனம். ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நீளம். இங்கிலாந்திலும் யேர்மனியிலும் கோடைகாலத்து இடிமழைக்கு முன் கூட்டங்கூட்டமாக எழுவதால், அந்நாட்டு மக்கள் இதனை இடியோடு சேர்த்துப் பெயரிட்டு அழைக்கின்றனர். வெளிச்சத்தை நாடி வரும் இவ்வுயிருக்கு, இருண்ட அறையில் ஒளிரும் திரையைவிடக் கவர்ச்சியான இடம் வேறில்லை. அதை வெளியேற்றும் உபாயமும் அந்தக் கவர்ச்சியே. திரையை அணைத்து, அறையை இருளாக்கி, திரையின் ஓரத்தருகே சிறு விளக்கொன்றை வைத்துவிட்டால், ஓரிரவில் அது வந்த வழியே திரும்பக்கூடும். உள்ளேயே இறந்துவிட்டதாயின், திரையின் பின்பக்கத்தை விரல் நுனியால் இலேசாகத் தட்டினால் சில வேளைகளில் அடியோரத்துக்கு நழுவி விழுந்து கண்ணுக்கு மறைந்துவிடும். எக்காரணங் கொண்டும் முன்னாலிருந்து அழுத்தலாகாது. நசுங்கிய உடல் இரு தாள்களுக்கிடையே ஒட்டிக்கொண்டால், தட்டியும் விழாது.

அடியோரத்தில் அலையின் தடம்போல வளைந்து படிந்திருக்கும் கறையின் கதை வேறு. இதை உண்டாக்குபவர் பெரும்பாலும் துப்புரவில் அக்கறை மிகுந்தவர் என்பது வேடிக்கை. அவர் துப்புரவுத் திரவத்தைத் திரையின்மீதே நேராகத் தெளிக்கிறார். அது வழிந்து கீழ்ச்சட்டத்தின் இடுக்கை அடைந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தாள்களுக்கிடையே ஏறி, உலர்ந்தபின் தன் எல்லையை வரைந்துவிட்டுப் போகிறது. வெளிக்கறையை நீக்கப் போய் உட்கறையைத் தேடிக்கொண்ட கதை இது. அணைத்த திரையை மென்மையான துணியால் உலரத் துடைப்பதே போதுமானது; போதாதவிடத்து, வடித்த நீரில் துணியைச் சற்றே ஈரமாக்கலாம். அமோனியாவும் அசற்றோனும் திரையின் மேற்பூச்சுக்கும் முனைவாக்கிப் படலத்துக்கும் பகை. தாள்களினிடையே ஈரம் இருக்கும்வரை திரையை இயக்காமல் சில நாள் காற்றோட்டமான இடத்தில் வைப்பது நன்று. வெப்பக் காற்றூதியைக் காட்டினால் தாள்கள் நெளியும்.

கணினியும் திரையும் ஒரே உடலாக அமைந்த பொறிகளில், உள்ளிருக்கும் விசிறி இழுக்கும் காற்றோடு தூசியும் வந்து மூலைகளில் புகைபோலப் படிவதுண்டு. தூசி முன்கண்ணாடிக்குப் பின்னே மட்டும் இருந்தால், அதை நீக்க முடியுமா என்பது கண்ணாடி பொருத்தப்பட்ட விதத்தைப் பொறுத்தது. அப்பிள் நிறுவனத்தின் ஐமாக் கணினிகளில் 2007 முதல் 2011 வரை வந்த அலுமினிய உடலுடையவற்றில் அக்கண்ணாடி காந்தங்களால் நிறுத்தப்பட்டது. இறப்பர் உறிஞ்சு கிண்ணங்கள் இரண்டைக் கொண்டு அதைத் தூக்கி, உட்புறத்தைத் துடைத்து, தூசியை இறப்பர்க் குமிழால் ஊதிவிட்டு மீண்டும் வைத்துவிடலாம். 2012 இன் இறுதியில் வந்த வடிவத்தில் கண்ணாடியும் திரையும் ஒன்றாக இணைக்கப்பட்டு, உடலோடு பசைப்பட்டியால் ஒட்டப்பட்டன. இதை வீட்டு மேசையில் வைத்து அறுத்தெடுப்பது துணிச்சலேயன்றித் திறமையன்று.

பின்புறத்துத் தாள்களைப் பிரிப்பதும் அத்தகையதே. ஒரு தூசியை எடுக்கத் திறந்தவர் பத்துத் தூசிகளையும் தமது விரலடையாளத்தையும் உள்ளே வைத்து மூடுவார். அன்றியும், மின்வழங்கும் பகுதி உள்ளேயே அமைந்த பொறிகளில், செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். உத்தரவாதக் காலம் முடியாத திரையை விற்றவரிடமே ஒப்படைப்பது சரி. முடிந்துவிட்டதாயின், திருத்துபவர் கேட்கும் கூலியைப் புதிய திரையின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தலையசைக்கலாகாது.

மை கொட்டியது போலக் கருமையாகத் தோன்றி, ஒரு வெடிப்பிலிருந்து பரவும் கறைக்கு மருந்தே இல்லை. அங்கே கண்ணாடி உடைந்து திரவப் பளிங்கு கசிந்துவிட்டது. அத்தகைய பலகையை மாற்றவே வேண்டும். நகத்தால் அழுத்திய கணக்கருடைய நிலை அவ்வளவு மோசமானதன்று. ஒரு புள்ளிக்காகத் திரையை மாற்றுவது வீண்செலவு. தொகைகள் வரும் நிரலை அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடரலாம்.