அப்பா கேட்கும் கேள்விக்கு என்ன பதில்?

(முதியோர் நலக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



முதியோர் இல்லத்தில் இருக்கும் தகப்பனைப் பார்த்துவிட்டு வாறவங்க என்னிடம் ஒரே விசயத்தைத்தான் சொல்றீங்க. "அப்பாவுக்கு எங்களைத் தெரியல்ல, பேச்சும் குழம்புது, இனிப் போய் என்ன பலன்?" இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

எண்பது வயதைத் தாண்டிய ஒரு தோட்டத்துப் பெரியவர், "கப்பலுக்கு நேரமாச்சு, பாஸ்போட் எங்கே?" என்று கேட்டால் அது வெறும் உளறல் இல்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுப்பது என்று கையெழுத்துப் போட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆனது. போனவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். 1984 இல் அந்தக் கப்பலும் நின்றது. மறதி வியாதியில் நேற்றுச் சாப்பிட்டது முதலில் போய்விடும். இளமையில் பயந்ததும் அழுததும் நெடுநாள் தங்கும்.

நான் மன்னார் உப்புக்குளத்தில் பிறந்தவன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பம் கடல் வழியாகக் கல்பிட்டிக்கு வந்தது. என் வாப்பாவும் இப்போது ஒரு முதியோர் இல்லத்தில்தான். நான் மகன் என்று அவருக்குத் தெரியாது, "தம்பி" என்பார். ஆனால் போகும்போதெல்லாம், "வீட்டைப் பூட்டியாச்சா? சாவி யாரிட்ட?" என்று கேட்பார். அது முப்பது வருசத்துக்கு முந்திய கதை என்று நான் திருத்துவதில்லை. "பூட்டியாச்சு வாப்பா. எந்தக் கதவை முதலில் பூட்டுவீங்க?" என்பேன். பிறகு கதவைச் சொல்வார், கிணற்றைச் சொல்வார், வலையைச் சொல்வார். கால்மணி நேரம் முகம் தெளிந்திருக்கும்.

பொய் சொல்லலாமா என்று சிலர் கேட்பீங்க. செத்துப்போன மனைவியைத் தேடுகிற மனிதருக்கு ஒவ்வொரு முறையும் சாவுச் செய்தி சொன்னால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. அந்த உண்மை யாருக்கு வேணும்?

காலையில் போங்க. பொழுது சாயும் நேரம் குழப்பம் கூடும். வேன் பிடித்துப் பத்துப் பேர் போக வேண்டாம், இரண்டு பேர் போதும். "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காமல், "அப்பா, மூத்த மகள் வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லுங்க. பேச்சு வராவிட்டால் ஒரு பிடி பச்சைக் கொழுந்தைக் கையில் கொடுத்துப் பாருங்க.

இன்னொன்று. போன வாரம் நன்றாக இருந்தவர் இரண்டு நாளில் திடீரென்று குழம்பினால், வயசாச்சு என்று விட்டுவிடாதீங்க. சலத்தில் கிருமி, தண்ணீர் குடிக்காதது, மாற்றிக் கொடுத்த மருந்து, இப்படிக் காரணம் இருக்கும். உடனே டொக்டரிடம் காட்டினால் பல பேருக்குத் தெளியும். காது, கண், தைரொயிட் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்க.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. இல்லத்தில் சேர்த்ததோடு அந்தக் கடமை முடிந்துவிடாது.

அடுத்த முறை போகும் முன், அப்பா எந்த மலையில் வேலை செய்தார், யாரைக் கப்பலேற்றினார், யார் பெயரைக் கேட்டால் சிரிப்பார் என்று லயத்துப் பெரியவர்களிடம் விசாரித்து ஒரு தாளில் எழுதி இல்லத்தில் கொடுங்க. இரவில் அவர் கப்பலைத் தேடும்போது பக்கத்தில் இருப்பது அங்குள்ள பணியாளர்தான். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தாளை என்னிடம் கொண்டு வாங்க, சிங்களத்தில் எழுதித் தருகிறேன்.