மனச்சோர்வு மாத்திரையும் முதியோர் இரத்தமும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



பரளச்சி, திருச்சுழி பக்கமிருந்து வரும் முதியோர் பலரிடம் மனச்சோர்வைக் காண்கிறோம். பொய்த்த மழை, வெளியூர் போய்விட்ட பிள்ளைகள், வெறிச்சோடிய வீடு. சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான். ஆகவே மாத்திரை சாப்பிடுவதை விசுவாசக் குறைவு என்று நாங்கள் சொல்வதில்லை.

ஆனால் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளால் முதியோர் சிலருக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடுகிறது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்கவேண்டியது அது. சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றாமல் பிடித்துவைப்பதால் இரத்தம் நீர்த்துப்போகிறது. பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் இப்படி நேரும். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடும் தாய்மாருக்கு ஆபத்து கூடுதல். தள்ளாட்டம், குழப்பம், தூக்கக் கலக்கம்; முற்றினால் வலிப்பு. வீட்டாரோ, "வயசாகிப்போச்சு, அப்பிடித்தான் இருக்கும்" என்று திண்ணையில் படுக்கவைத்துவிடுகிறார்கள். கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டாலும் இது தீராது.

மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையோ ஆஸ்பிரினோ கூடச் சேர்ந்தால், சிலருக்கு வயிற்றில் இரத்தம் கசியும். மலம் தார்போலக் கறுக்கும்.

பயந்து மாத்திரையைத் தாங்களாக நிறுத்துவதும் தவறு. டாக்டரிடம் எல்லா மாத்திரைகளையும் காட்டவேண்டும். தொடங்கிய சில வாரங்களுக்குள் இரத்தத்தைப் பரிசோதிக்கவேண்டும். ஒருநாள் கூலி போய்விடுமே, பஸ்ஸுக்குக் காசில்லையே என்று அதற்கு வராமலிருப்பவர்களுக்காகவே இம்முறை உங்கள் காணிக்கையைக் கேட்கிறோம்.