புது ஊர், ரெண்டு பெட்டி, கூடவே ஒரு ஆள்

வேலைக்காக, படிப்புக்காக ஊர் மாறினவங்க இதைக் கேட்கிறவங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. பிஜி ரூம், முன்னப்பின்ன தெரியாத ரூம்மேட், எந்தக் கடையில நல்ல தோசை மாவு கிடைக்கும்னு கூடத் தெரியாத முதல் வாரம். ஒரு தடவை இதைப் பண்றதுக்கே நமக்கு மூச்சு முட்டிடுது. இதையே ரெண்டு வருஷத்துல நாலஞ்சு தடவை பண்ணணும்னு சொன்னா? ஊரையும் நீங்க தேர்ந்தெடுக்க முடியாது, ரூம்மேட்டையும் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ரூம்மேட்டை விட்டுட்டுத் தனியா டீக்கடைக்குப் போகக்கூடாது. சொல்லப்போனா டீயே குடிக்கக்கூடாது. எப்படி இருக்கும்?

அப்படி வாழ்ற 18, 19 வயசுப் பசங்களைப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறோம். இங்கிலீஷ் படங்கள்ல பார்த்திருப்பீங்க. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்பு பேட்ஜ், சைக்கிள், தலையில ஹெல்மெட். எப்பவும் ஜோடியா வந்து கதவைத் தட்டுவாங்க. மார்மன் மிஷனரிகள். அந்தச் சபையோட முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன்னு சுருக்கிக் கூப்பிட வேண்டாம்னு 2018-லேர்ந்து அவங்களே கேட்டுக்கிறாங்க. ஆனா உலகம் அவங்களை அந்தப் பேர்லதான் தெரிஞ்சு வச்சிருக்கு.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். அவங்க நம்பிக்கை சரியா தப்பான்னு இந்த எபிசோட் பேசப்போறதில்லை. நம்ம கேள்வி வேற. வீட்டை விட்டு முதல் தடவையா வெளிய வந்த ஒரு பையன், ஒரு பொண்ணு, தெரியாத ஊர்ல எப்படிக் கால் ஊன்றாங்க? எது அவங்களைத் தாங்குது? சிலர் ஏன் பாதியில திரும்பறாங்க?

முதல்ல அடிப்படை விவரங்கள். 1830-ல நியூயார்க் மாநிலத்துல ஜோசப் ஸ்மித் தொடங்கின சபை இது. இப்போ தலைமையகம் யூட்டா மாநிலத்துல, சால்ட் லேக் சிட்டியில. உலகம் முழுக்க 70 ஆயிரத்துக்கும் மேல மிஷனரிகள் இருக்காங்க. ஆண்களுக்கு 24 மாசம், பெண்களுக்கு 18 மாசம். 2012 அக்டோபர்ல ஆண்களுக்கான வயசு வரம்பை 19-லேர்ந்து 18-ஆகவும், பெண்களுக்கு 21-லேர்ந்து 19-ஆகவும் குறைச்சாங்க. அதுக்கப்புறம் ஸ்கூல் முடிச்ச கையோட கிளம்பற பசங்க அதிகமானாங்க. அதாவது துணி துவைக்கவே இன்னும் சரியாப் பழகாத வயசு.

விண்ணப்பம் போடணும், டாக்டர்கிட்டயும் பல் டாக்டர்கிட்டயும் சான்றிதழ் வாங்கணும். எந்த நாடு, எந்த மொழின்னு தலைமையகம் முடிவு பண்ணி அனுப்பும். சம்பளம் கிடையாது. அமெரிக்காவுலேர்ந்து போறவங்க மாசம் 500 டாலர் கட்டணும்னு 2020 ஜூலையிலேர்ந்து நடைமுறை. அதுக்கு முன்னாடி 400. ரெண்டு வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 12,000 டாலர். அந்தப் பணத்தை அந்தப் பிள்ளையோ குடும்பமோதான் சேர்க்கணும். எந்த நாட்டுக்குப் போனாலும் கட்டற தொகை ஒண்ணுதான். செலவு அதிகமான ஊர் கிடைச்சவனுக்கு மட்டும் பாரம் ஏறக்கூடாதுன்னு 1990-கள்லேர்ந்தே இப்படி ஒரு ஏற்பாடு.

சரி, ஊருக்கு வந்தாச்சு. இனி என்ன நடக்குது?

அங்கே யாருக்கும் முதல் பேர் கிடையாது. பையன்னா எல்டர், பொண்ணுன்னா சிஸ்டர், கூடக் குடும்பப் பேர். புதுசா வந்தவனை செல்லமா 'க்ரீனி'ன்னு சொல்வாங்க, நம்ம ஊர்ல பச்சைப்புள்ளைன்னு சொல்றோமே அந்த மாதிரி. முதல் 12 வாரம் அவனுக்கு ஒரு ட்ரெய்னர். பேர்தான் ட்ரெய்னர், அவனுக்கும் 19, 20 வயசுதான் இருக்கும். பொதுவா ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ட்ரான்ஸ்ஃபர் அறிவிப்பு வரும். ஊர் மாறலாம், கூட இருக்கிற ஆள் மாறலாம், ரெண்டும் மாறலாம், எதுவும் மாறாமலும் இருக்கலாம். முன்கூட்டியே தெரியாது. பழகின தெருவையும் மனுஷங்களையும் விட்டுட்டு ஒரு வாரத்துக்குள்ள பெட்டியோட பஸ் ஏறணும்.

புது வீட்டுல காலடி வைக்கும்போது அங்கே ஏற்கெனவே பல பேர் வாழ்ந்துட்டுப் போன தடயம் இருக்கும். யாரோ விட்டுட்டுப் போன வாணலி, யாரோ படுத்துத் தேஞ்ச மெத்தை. இதோட இன்னொண்ணும் கைமாறும். 'ஏரியா புக்'னு சொல்வாங்க. முன்னாடி காகிதக் கட்டா இருந்தது, இப்போ செல்போன் ஆப். எந்த வீட்டுல யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம், மறுபடி எப்போ வரச் சொன்னாங்க, எல்லாம் அதுல இருக்கும். சில சமயம் ரெண்டு பேருமே அந்த ஏரியாவுக்குப் புதுசா வந்து இறங்குவாங்க. வழி சொல்லக்கூட ஆள் கிடையாது. அப்போ அந்த ஆப்தான் கண்ணு மாதிரி. நம்ம ஆஃபீஸ்ல ஒருத்தர் வேலையை விட்டுப் போகும்போது ஒழுங்கா ஹேண்ட்ஓவர் கொடுக்கலைன்னா புதுசா வர்றவர் என்ன பாடுபடுவார்னு உங்களுக்கே தெரியும்.

சோறு? நிறைய இடங்கள்ல உள்ளூர் சபைக் குடும்பங்கள் முறை வச்சு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாங்க. ஊரைப் பழகறதுக்கு இது பெரிய உதவி. எந்தத் தெருவுல நாய் துரத்தும், எந்த பஸ் நேரத்துக்கு வராதுன்னு அந்தச் சாப்பாட்டு மேசையிலதான் தெரிய வரும். சபை ஆட்கள் கம்மியா இருக்கிற ஊர்கள்ல இந்த வசதி இருக்காது. அங்கே ரெண்டு பசங்க, ஒரு அடுப்பு, மிச்சத்தை நீங்களே ஊகிச்சுக்கலாம்.

தினசரி அட்டவணை ரொம்பக் கறார். வழக்கமான கணக்குப்படி காலையில 6.30-க்கு எழுந்து உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, அப்புறம் படிப்பு. பிறகு வெளிய போய் ராத்திரி 9 மணிவாக்குல திரும்பி, 10.30-க்கு விளக்கை அணைக்கணும். உள்ளூருக்குத் தகுந்த மாதிரி நேரத்தை மாத்திக்கலாம்னு 2017-ல கொஞ்சம் தளர்த்தினாங்க. சினிமா, டிவி, டேட்டிங் இதெல்லாம் கிடையாது. டீ, காபி, மது, சிகரெட் அந்தச் சபையில யாருக்குமே கிடையாது.

எல்லாத்தையும் விடக் கஷ்டமான விதி, கூட இருக்கிற ஆளைப் பத்தினது. கம்பானியன்னு பேர். பாத்ரூம் மாதிரி சில விஷயங்கள் தவிர 24 மணி நேரமும் அவன் கண்ணுக்கு எட்டின தூரத்துல, பேச்சு கேட்கிற தூரத்துல இருக்கணும். பாதுகாப்புக்காகத்தான்னு சொல்றாங்க, ஒருத்தரை ஒருத்தர் கவனிச்சுக்கறதுக்கும்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. அவன் மெல்லும்போது சத்தம் வரும். அலாரத்தை அஞ்சு தடவை தள்ளிப் போடுவான். உங்களுக்குத் தாங்கலை. கோபத்துல கதவைச் சாத்திட்டு நடந்துட்டு வரலாம்னா, அந்த நடைக்கும் அவன் கூட வரணும்.

இதுக்கு அவங்க ஒரு வழி வச்சிருக்காங்க. வாராவாரம் அந்த வாரத் திட்டம் போடும்போது, கடைசியில ரெண்டு பேரும் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசணும். நம்ம ரெண்டு பேருக்குள்ள எது நல்லாப் போகுது, எது உறுத்துது, அடுத்த வாரம் எதைச் சரி பண்ணலாம். சண்டை வந்தா பேசறதுங்கிறது இல்லை இது. சண்டை இல்லாத வாரத்துலயும் உட்காரணும். நம்ம ஃப்ளாட்கள்ல பொதுவா என்ன நடக்குது? சிங்க்ல கிடக்கிற பாத்திரத்தைப் பத்தி மூணு மாசம் வாயைத் திறக்க மாட்டோம். அப்புறம் ஒருநாள் வாட்ஸ்அப்ல மொத்தமாக் கொட்டிடுவோம். பேசறதுக்கு ஒரு கிழமை இருந்தா, குறை சொல்றவன் கெட்டவனாகாம சொல்ல முடியுது.

வாரத்துல ஒரு நாள் கொஞ்சம் மூச்சு விடலாம். 'பி-டே'ன்னு சொல்வாங்க, பெரும்பாலும் திங்கட்கிழமை. துணி துவைக்கறது, மளிகை வாங்கறது, முடி வெட்டறது, ஊர் சுத்திப் பார்க்கறது எல்லாம் அன்னைக்குத்தான். வீட்டுக்குப் பேசறதும் அன்னைக்குத்தான். 2019 பிப்ரவரிக்கு முன்னாடி வாரம் ஒரு மெயில், வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு ஃபோன். கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, அன்னையர் தினத்துக்கு ஒண்ணு. வீட்டு ஞாபகம் வந்தா வேலையில மனசு நிக்காதுங்கிறது பழைய எண்ணம். அதுக்கு அவங்க பாஷையில 'ட்ரங்கி'ன்னு ஒரு வார்த்தையே இருக்கு. மனசு ட்ரங்குப் பெட்டியைக் கட்டிடுச்சுன்னு அர்த்தம். இப்போ வாரம் ஒரு தடவை வீடியோ கால்லயே பேசலாம்.

இந்த மாற்றம் ஏன் முக்கியம்னு புரிய ஒரு பழைய கதைக்குப் போகணும்.

1933. அமெரிக்காவுல பெரும் பொருளாதார வீழ்ச்சி. கார்டன் ஹிங்க்லிங்கிற இளைஞர் யூட்டா பல்கலைக்கழகத்துல ஆங்கிலம் படிச்சு முடிச்சிருக்கார். அம்மா 1930-லயே இறந்துட்டாங்க. மளிகை வாங்கின மிச்சச் சில்லறையை, பிள்ளைங்க மிஷன் போறப்போ ஆகும்னு அவங்க சேர்த்து வச்சிருந்தாங்க. அந்தக் காசும் கைகொடுக்க, அவர் இங்கிலாந்து போறார். முதல் ஏரியா லங்காஷயர்ல இருக்கிற பிரெஸ்டன், பஞ்சாலை நகரம். அந்தச் சபைக்கு பிரெஸ்டன் சாதாரண ஊர் இல்லை. 1837-ல அமெரிக்காவுலேர்ந்து வந்த முதல் மிஷனரிகள் ஜூலை 30 அன்னைக்கு அங்கே ஓடற ரிபிள் ஆத்துலதான் ஞானஸ்நானம் கொடுத்தாங்க. அதாவது, வெற்றிக் கதை ஏற்கெனவே எழுதப்பட்ட ஊர்.

ஹிங்க்லிக்கு அங்கே கிடைச்சது வேற. புல் மகரந்தத்தால மூக்கு ஒழுகி உடம்பு படுத்துது. சந்தைச் சதுக்கத்துல நின்னு பேசினா கேட்க ஆள் இல்லை, கதவுகளும் திறக்கலை. சில வாரத்துலயே அப்பாவுக்குக் கடிதம் போடறார்: என் நேரமும் வீண், உங்க பணமும் வீண், நான் திரும்பி வர்றதுதான் நல்லது. அப்பா பதில் எழுதறார், ரொம்பச் சின்னதா. அதோட சாரம், உன்னை மறந்துட்டு வேலையைப் பார். அந்தக் கடிதம்தான் தன்னைத் திருப்பிப் போட்டதுன்னு அவர் பின்னாடி பல தடவை சொன்னார். 1995-ல அதே சபைக்குத் தலைவர் ஆனார். 2008-ல, 97 வயசுல காலமானார்.

அழகான கதை. ஆனா இது தாக்குப்பிடிச்சு, ஜெயிச்சு, தலைவரானவரோட கதை. அதே மாதிரிக் கடிதம் எழுதி, அதே மாதிரி பதில் வாங்கி, ராத்திரி தூங்க முடியாம நொறுங்கிப் போன பசங்க கதையை மேடையில யாரும் சொல்றதில்லை. வீட்டு ஏக்கத்துல இருக்கிறவனுக்கு 'வேலையைப் பார்'ங்கிறது மருந்தா இருக்கலாம். மனச்சோர்வுல இருக்கிறவனுக்கு அதே வார்த்தை பாரம்.

அதை அந்தச் சபையே ஓரளவு உணர்ந்திருக்குங்கிறதுக்கு ஒரு ஆதாரம் இருக்கு. 2013-ல மிஷனரி வாழ்க்கைக்குப் பழகறதைப் பத்தி ஒரு கையேடு போட்டாங்க. புது இடத்துக்குப் போறவன் நாலு கட்டத்தைத் தாண்டறான்னு அது சொல்லுது. கிளம்பும்போது இருக்கிற எதிர்பார்ப்பு, போன பிறகு எதிர்பாராததைப் பார்க்கிற அதிர்ச்சி, 'என்னால முடியும்'ங்கிற நிலை, கடைசியா தன் மனசைத் தானே தாங்கிக்கிற பக்குவம். இன்னொரு பக்கம் மன அழுத்தத்தை நாலு நிறமாப் பிரிக்குது: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மஞ்சள்ல இருக்கும்போது நடைப்பயிற்சி, பெரிய வேலையைச் சின்னச் சின்னதா உடைக்கறது, தன்னைத் தானே திட்டாம இருக்கறதுன்னு சமாளிக்கலாம். சிவப்புக்குப் போயிட்டா தனியாச் சமாளிக்கக்கூடாது, உதவி கேட்டே ஆகணும். எண்பது வருஷத்துக்கு முன்னாடி அப்பா எழுதின பதிலுக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க.

ஆனாலும் சீக்கிரம் திரும்பி வர்றது அங்கே இன்னும் லேசான விஷயம் இல்லை. ஊரே கூடி வழியனுப்பி வச்ச பையன் ஆறாவது மாசம் வாசல்ல வந்து நின்னா, அக்கம்பக்கம் கேட்கிற முதல் கேள்வி 'என்னாச்சு?'. நம்ம ஊர்ல வெளிநாட்டு வேலையை விட்டுட்டு வந்தவன்கிட்டயும் இதைத்தான் கேட்கிறோம். உடம்போ மனசோ ஒத்துழைக்காதவங்க வீட்டுல இருந்தபடியே உள்ளூர்ல சேவை செய்யற ஒரு வழியை 2019-லேர்ந்து விரிவாக்கியிருக்காங்க. வழி திறந்திருக்கு. அக்கம்பக்கத்துப் பார்வை மாறத்தான் இன்னும் காலம் ஆகும்போல.

ஒரு முறையான ஏற்பாடு மனுஷனை எவ்வளவு தூரம் தாங்கும்னு இவங்க வாழ்க்கை காட்டுது. எழுந்திரிக்க ஒரு நேரம், முன்னாடி இருந்தவர் விட்டுட்டுப் போன குறிப்பு, சோறு போட ஒரு வீடு, மனசு விட்டுப் பேச ஒரு கிழமை. இதுல ஒண்ணுகூட இல்லாமத்தான் நம்மள்ல பல பேர் புது ஊருக்கு வர்றோம், யாரும் கட்டாயப்படுத்தாத முழுச் சுதந்திரத்தோட. அந்தச் சுதந்திரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், சொல்லிட்டேன். ஆனா அந்த நாலுல ஒண்ணை நாமளே ஏற்படுத்திக்கலாம். உங்க ஃப்ளாட்டுக்கு இந்த மாசம் யாராவது புதுசா வந்திருந்தா, ஞாயித்துக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்க. எந்த பஸ் நேரத்துக்கு வராதுன்னு சொல்லுங்க. அவர் எந்த நிறத்துல இருக்கார்னு ஒரு வார்த்தை கேளுங்க. உங்க நிறம் என்னன்னு யாராவது கேட்டா, பச்சைன்னு பொய் சொல்லாதீங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.