பொம்மனஹள்ளிப் பெருவழியில் மகளிர்



தலைமை என்றவுடன் அரியணையும் மேடையுமே நம் நினைவில் எழுகின்றன. மகளிர் தலைமையைப் பேசப் புகுந்தாலும் இராணி மங்கம்மாளையும் வேலு நாச்சியாரையும் போற்றி அத்துடன் அமைந்துவிடுகிறோம். போற்றத் தக்கவர்களே அவர்கள். ஆயினும் பதவியும் படையும் இல்லாத பெண்கள் தலைமை பூண்ட வரலாறும் நமக்கு உண்டு. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நாம் அதனை அறிதல் வேண்டும். ஏனெனில் அது பிழைக்கச் சென்ற இடங்களிலேயே நிகழ்ந்தது.

1913-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், ஒப்பந்தக் காலம் முடிந்தும் அங்கேயே தங்கிய இந்தியக் கூலிகள் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி சுமத்தப்பட்டிருந்தது. டிரான்ஸ்வாலிலிருந்து சில பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், அனுமதியின்றி எல்லையைக் கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றனர். அவர்களுள் சிலர் கைக்குழந்தையுடன் சென்றவர்கள். அவர்கள் சொற்கேட்டுச் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பெண்களுக்கோ மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. அப்போராட்டத்திலே சிறை புகுந்த மற்றொரு பெண்ணான தில்லையாடி வள்ளியம்மை, நோயுற்று விடுதலையாகி, 1914 பிப்ரவரியில் பதினாறாம் வயதிலேயே உயிர் நீத்தாள். அவ்வாண்டிலேயே அவ்வரியும் நீங்கிற்று.

நூறாண்டு கழித்து, நமக்கு அண்மையிலேயே அத்தகைய காட்சி ஒன்றைக் கண்டோம். பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது பொம்மனஹள்ளி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் மலிந்த பகுதி அது. அங்கே தையல் இயந்திரத்தின் முன் அமர்பவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

2016 பிப்ரவரியில் மத்திய அரசு சேமநிதி விதியைத் திருத்தியது. அதுவரை வேலையை விட்டவர், இரண்டு மாதம் வேறு வேலையின்றி இருந்தால், தம் பங்கையும் முதலாளி செலுத்திய பங்கையும் சேர்த்தே பெறலாம். புதிய விதியோ, முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்கலாகாது என்றது. முதுமைக்குக் காப்பு என்பது அரசு கூறிய காரணம். அக்காரணம் பொருளற்றதன்று. ஆயினும் கண்ணும் முதுகும் தளர்ந்து, நாற்பது வயதுக்குள் இயந்திரத்தை விட்டெழும் பெண்ணுக்கு 58 வயது எத்துணைத் தொலைவு! பிள்ளையின் படிப்புக்கும், மகளின் மணத்துக்கும், வட்டிக் கடனுக்கும் அவள் நம்பியிருந்த மொத்தத் தொகை அது ஒன்றே.

ஏப்ரல் 18-ஆம் நாள் அப்பெண்கள் தொழிற்சாலையை விட்டு வெளியேறிப் பெருவழியில் அமர்ந்தனர். பெரிய சங்கம் எதுவும் அறைகூவல் விடுக்கவில்லை. பெயர்பெற்ற தலைவர் எவரும் முன் நிற்கவில்லை. மறுநாள் நகரின் பிற தொழிற்பகுதிகளுக்கும் கிளர்ச்சி பரவிற்று. சில இடங்களில் கல்வீச்சும் தீவைப்பும் தடியடியும் நிகழ்ந்தமை வருந்தத் தக்கது. 19-ஆம் நாளே அரசு அத்திருத்தத்தைக் கைவிட்டது.

இரண்டே நாளில் நாடு முழுவதற்குமான விதி ஒன்றை மாற்றியவர்கள் மீண்டும் இயந்திரத்தின் முன் சென்று அமர்ந்தனர். விதி வகுக்கும்பொழுதே அவர்களை ஒரு சொல் கேட்டிருந்தால் தெருவில் அமரும் நிலை வந்திராதன்றோ? பெண்களுக்குத் தலைமைத் திறன் உண்டா என்று வினவுவது வீண். அத்திறனுக்கு அவையில் இடம் உண்டா என்பதே வினா.

சட்டம் சில இடங்களில் வழி காட்டியுள்ளது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் பாலியல் தொல்லையை விசாரிக்கும் குழு அமைய வேண்டும் என்றும், அதற்குப் பெண்ணே தலைமை தாங்க வேண்டும் என்றும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. நம் தொழிற்சாலையில் அக்குழு உள்ளதா, அதன் தலைவி யார் என்று கேட்டறிவது நம் கடமை.

சட்டம் புகாத இடங்களும் உண்டு. பிற மாநிலங்களில் நாம் நடத்தும் தமிழ்ச் சங்கங்களையே நோக்குவோம். பொங்கல் விழாவில் கோலமிடவும் பந்தி பரிமாறவும் பெண்களை அழைக்கிறோம். கணக்கு வழக்கையும் முடிவையும் அவர்களிடம் ஒப்படைக்கிறோமா? தையற்கூலியில் மிச்சம் பிடித்துக் குடும்பத்தைக் கரையேற்றும் கைக்குச் சங்கத்தின் பணப்பெட்டி பாரமாகாது. அடுத்த செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கும்பொழுது இதனை நினைவிற் கொள்வோம்.