சோலார் தகட்டின் சூட்டைத் தணிக்கும் வழிகள்

(பனமலை உழவர்களிடையே ஆற்றிய உரை)



சித்திரை வெயிலில் சோலார் மோட்டார் நன்றாக இறைக்க வேண்டுமே, நண்பகலில் எதிர்பார்த்த தண்ணீர் ஏன் வருவதில்லை என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், வெப்பம் அன்று.

தகட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் கண்ட வாட் அளவு, தகட்டின் சூடு 25 டிகிரி செல்சியசாக இருக்கும்போது கிடைப்பது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் மின்சாரம் குறையும். வெளியே 38 டிகிரி என்றால் தகடு 65 டிகிரியைத் தொட்டுவிடும். 40 டிகிரி கூடுதல். 16 சதவீதம் இழப்பு. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கான 4,800 வாட் தகடுகளில் ஏறக்குறைய 770 வாட் இப்படிப் போகிறது. முழுவதையும் மீட்க இயலாது. ஒரு பகுதியை மின்செலவில்லாமல் மீட்கலாம்.

முதல் மருந்து காற்று. தகடு முன்புறம், பின்புறம் இரண்டிலும் சூட்டை விடுகிறது. மோட்டார் கொட்டகையின் தகரக் கூரையோடு ஒட்டிப் பொருத்தினால் பின்புறம் அடைபட்டு அடுப்பாகிவிடும். தரையிலிருந்து உயர்த்தி, தகடுகளுக்கிடையே சந்து விட்டு நிறுத்துங்கள். காற்று வரும் பக்கத்தில் வைக்கோற்போர் போடாதீர்கள். தீ விபத்துக்கும் அது இடம்.

இரண்டாவது, தகட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது. பனமலை, செஞ்சி வட்டாரத்தில் விளையாத பாறையில் தகட்டை வைத்துவிடலாம் என்று தோன்றும். நிலம் மிச்சம்தான். ஆனால் தாளகிரீசுவரர் கோயில் குன்றில் வெறுங்காலோடு நண்பகலில் ஏறியவர்களுக்குப் பாறையின் சூடு தெரியும். பச்சைப் பயிர் இருந்தால் இலைகள் விடும் ஈரம் தகட்டின் அடிப்புறத்தைக் குளிர்விக்கும். அமெரிக்காவின் அரிசோனா வறண்ட பகுதியில் மிளகாய், தக்காளிக்கு மேல் நிறுத்திய தகடுகள், வெறுந்தரைத் தகடுகளைவிடப் பகலில் சுமார் 9 டிகிரி குறைந்திருந்ததாக 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நம் மண்ணில் அதே அளவு கிடைக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். கீரை, கொத்தமல்லி போட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை; பயிர் தகட்டுக்கு மேல் வளரக் கூடாது, அவ்வளவே.

குளிர்ச்சிக்காகப் பனை நிழலில் வைக்கலாமே என்பார்கள். கூடாது. தகடுகள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு தகட்டில் விழும் மர நிழல் வரிசை முழுவதையும் மந்தப்படுத்தும்.

ஈரச் சாக்கைப் பின்புறம் கட்டுவதும் வேண்டாம். மோட்டாரை நிறுத்தினாலும் பகலில் தகடுகளில் பல நூறு வோல்ட் இருக்கும். ஈரம் இணைப்புப் பெட்டியில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. கொதிக்கும் கண்ணாடியில் திடீரென்று தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடலாம்; போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைப் படலம் படியும். அதிகாலையில் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். இது தூசிக்காக, சூட்டுக்காக அன்று.

உயரம் என்றேன். அதிலும் அளவு வேண்டும். 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை நம் மாவட்டம் மறக்கவில்லை. உயர்த்த உயர்த்தக் காற்றின் இழுப்பு கூடும். அடித்தளமும் கால்களும் அதற்கேற்ப இருக்க வேண்டும். 2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில் மானியத்துடன் பம்புசெட் வாங்குவோர், தகடு நிறுத்துமுன்பே உயரத்தையும் இடத்தையும் வேளாண்மைப் பொறியியல் துறைப் பொறியாளரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அமைத்த நிறுவனத்துக்கு 5 ஆண்டுப் பராமரிப்புப் பொறுப்பு உண்டு. நிறுத்திய பிறகு நீங்களாகச் சட்டத்தை மாற்றினால் அந்தப் பொறுப்பில் தகராறு வரும்.