எண்ணறிந்து விற்போம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாஞ்சில் நாட்டினராகிய நமக்கு வகைபிரித்தல் புதிய வித்தையன்று. வித்துநெல், கூலிநெல், விலைநெல் என்று வெவ்வேறாக வைத்துப் பத்தாயத்தை ஆண்டவர் நம் முன்னோர். வித்துநெல்லைக் குத்தியுண்ட குடும்பம் மறுபோகத்தில் படும் துயரையும் நாம் அறிவோம். அரசாங்கத்தாருக்குச் சரக்கு விற்பதிலும் இவ்விதியே இன்று செல்லுகின்றது. அங்கே பெயருக்குப் பதிலாக எண் நிற்கின்றது; அவ்வளவே வேற்றுமை.

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசாங்கம் 'ஜெம்' என்னும் மின்சந்தையைத் திறந்தது. அதிற் கிடைக்கும் சரக்குகளையும் சேவைகளையும் மத்திய இலாகாக்கள் அதன் வழியாகவே வாங்கவேண்டுமென்று 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 149-ஆம் விதி கட்டளையிட்டது. ஆதலின் ஆபீசுதோறும் நடந்து ஆளைப் பார்க்கும் பழைய வழக்கம் அங்கே பயன்படாது. சரக்கு தனக்குரிய வகையில் ஏறியிருந்தால்தான் வாங்குவோர் கண்ணிற் படும்.

நாம் அறியவேண்டிய எண்கள் இரண்டு. முதலாவது, சரக்கின் எண். உலகச் சுங்க அமைப்பு வகுத்து 1988-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த முறை இது. முதலிரண்டு இலக்கம் அத்தியாயம். நான்கு இலக்கம் தலைப்பு. ஆறு இலக்கம் உட்பிரிவு. இந்தியாவில் எட்டு இலக்கம் வரை விரியும். ஈத்தாமொழித் தேங்காய்க்கு 0801. மார்த்தாண்டத்துத் தேனுக்கு 0409. நம் மலையோரத்து ரப்பருக்கு 4001. ஒரே தென்னையின் நாராயினும், நாராகவே விற்றால் 5305. இழையாகத் திரித்தால் 5308. கயிறாக முறுக்கினால் 5607. தறியில் பாயாக நெய்தால் 5702. கைப்பாடு ஏற ஏற எண்ணும் மாறுகின்றது. சேவைகளின் எண் 99 என்று தொடங்கும். எண் தவறினால் வரியும் தவறும்.

இரண்டாவது, தொழிலின் எண். உத்யம் பதிவில் இது கேட்கப்படும். இதில்தான் அடியேன் பிழை செய்தேன். மறைக்க விரும்பவில்லை.

என் இளைய சகோதரி வீட்டிலேயே கயிற்றுப்பாய் நெய்பவள். 2022-ஆம் ஆண்டில் அவளுக்காக விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். வாசலில் சிறு கடையும் இருந்தமையால், நெசவுத் தொழிற்குரிய 13 என்னும் பிரிவை விடுத்து, சில்லறை வியாபாரத்துக்குரிய 47 என்னும் பிரிவைக் குறித்துவிட்டேன். சான்றிதழ் உடனே வந்தது, மகிழ்ந்தோம். பின்னர் ஓர் அரசாங்க நிலையத்தின் பாய்க் கொள்முதலுக்கு அவள் விலை குறித்தபோது, வைப்புத்தொகை விலக்கு வியாபாரிக்குக் கிடையாதென்று மறுக்கப்பட்டாள். தன் கையால் நெய்தவள், ஏட்டில் வெறும் வியாபாரியாக நின்றாள்! அந்தத் தறி அம்மாதம் முழுதும் சும்மா கிடந்தது. அவள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிதாக வலித்தது.

இதன் காரணம் யாதெனில், 2012-ஆம் ஆண்டின் கொள்முதற் கொள்கை சிறு உற்பத்தியாளரைக் காப்பதற்காக ஏற்பட்டது. மத்திய இலாகாக்களும் அரசுத்துறைக் கம்பெனிகளும் ஆண்டுக் கொள்முதலில் நூற்றுக்கு 25 பங்கைக் குறு, சிறு தொழிலாளரிடமிருந்து பெறவேண்டும். அதில் 3 பங்கு பெண்களுடைய தொழில்களுக்கு. 2021-ஆம் ஆண்டில் வியாபாரிகளும் உத்யம் பதிவில் சேர்க்கப்பட்டனர். ஆயினும் அது வங்கிக் கடனுக்காக மாத்திரமே. கொள்முதற் சலுகை அவர்களுக்கு இல்லை.

பதிவைத் திருத்தினோம், கட்டணம் எதுவுமில்லை. அவளுடைய தடை நீங்கிற்று. போன கொள்முதல் போனதே.

ஆகவே ஒரு விண்ணப்பம். தொழில் செய்யும் ஒவ்வொரு குடும்பத்தினரும் இன்றிரவே தங்கள் சான்றிதழை எடுத்து, தாம் செய்யும் தொழிலும் அதிற் கண்ட எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஐயமுள்ளோர் அடுத்த கூட்டத்துக்கு அதனைக் கொண்டுவரட்டும். படித்த நம் பிள்ளைகள் உடனிருந்து திருத்தித் தரட்டும். உழைப்பவர் கையிலுள்ள உரிமை ஓர் இலக்கத்தின் பிழையால் நழுவலாகாது.